நாய் குரைத்தால் சட்டம் என்ன செய்யும்?

இரவு மணி பதினொன்றே கால். தெரு அடங்கிவிட்டது. கடைசிப் பேருந்தும் போய்விட்டது. நீங்கள் விளக்கை அணைத்துவிட்டுப் படுக்கிறீர்கள். கண் செருகும் நேரத்தில் எதிர்வீட்டு நாய் ஒரு முறை குரைக்கிறது. பிறகு இன்னொரு முறை. அடுத்தது எப்போது வரும் என்று காதைத் தீட்டிக்கொண்டு காத்திருக்கிறீர்கள். உறக்கம் போயே போய்விட்டது.

இந்த அனுபவம் இல்லாத வாசகர் மிகச் சிலரே இருப்பர். சென்ற ஆண்டு எனக்கும் அது வாய்த்தது. என் தாயாருக்கு இரத்த அழுத்தம் உண்டு. இரவில் நன்றாகத் தூங்க வேண்டும் என்பது மருத்துவரின் கண்டிப்பான உத்தரவு. எதிர்வீட்டு நாயோ வேறு உத்தரவு வைத்திருந்தது. ஒரு வாரம் பொறுத்தேன். எட்டாம் நாள் காலையில் எதிர்வீட்டாரின் வாயிலில் போய் நின்றேன். அவர் சிரித்துக்கொண்டே, "நாய் குரைக்காமல் பாடவா சார் செய்யும்?" என்றார். எனக்குக் கோபம் வந்தது. "இதற்குச் சட்டம் இருக்கிறது" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

சொல்லிவிட்டேனே தவிர, அந்தச் சட்டம் என்ன சொல்கிறது என்பது எனக்கு அன்று தெரியாது. இயற்பியல் ஆசிரியன் என்ற முறையில் டெசிபெல்லைப் பற்றி மாணவர்களுக்குப் பாடம் நடத்தியிருக்கிறேன். டெசிபெல்லும் சட்டமும் சந்திக்கும் இடத்தில் என்ன நடக்கிறது என்று அதன் பிறகுதான் தேடிப் படித்தேன். நான் கற்றுக்கொண்டதையே இங்கே உங்களுடன் பகிர்ந்துகொள்கிறேன்.

டெசிபெல் என்னும் படிக்கட்டு

ஒலி என்பது காற்றில் பரவும் அழுத்த அலை. ஒரு சதுர மீட்டர் பரப்பின் வழியே ஒரு விநாடியில் எவ்வளவு ஒலி ஆற்றல் செல்கிறதோ, அதுவே ஒலிச்செறிவு. நமது காது உணரக்கூடிய மிகச் சிறிய ஒலியின் செறிவை ஒன்று என்று வைத்துக்கொண்டால், காது வலிக்கும் அளவுக்கு ஓங்கிய ஒலியின் செறிவு ஏறத்தாழ ஒரு லட்சம் கோடி ஆகும். இவ்வளவு பெரிய எண்களை வைத்துக்கொண்டு கணக்குப் போடுவது தொல்லை. ஆகவே மடக்கையைப் பயன்படுத்தி அமைத்த அளவுகோலே டெசிபெல்.

இந்தப் படிக்கட்டின் விதி எளியது. செறிவு பத்து மடங்கானால் 10 டெசிபெல் கூடும். நூறு மடங்கானால் 20 கூடும். ஆயிரம் மடங்கானால் 30 கூடும். செறிவு பத்து மடங்கானாலும் காதுக்கு அது ஏறத்தாழ இரண்டு மடங்கு உரத்த ஒலியாகவே தோன்றும். அமைதியான படுக்கை அறையில் சுமார் 30 டெசிபெல் இருக்கும். இருவர் எதிரெதிரே அமர்ந்து பேசினால் 60 இருக்கும்.

நடுத்தர உருவமுள்ள நாய் ஒன்று குரைக்கும்போது, ஒரு மீட்டர் தொலைவில் 90 டெசிபெல் இருப்பதாகக் கொள்வோம். திறந்த வெளியில் தொலைவு இரட்டிக்கும்போதெல்லாம் ஒலி 6 டெசிபெல் குறையும். ஆகவே 2 மீட்டரில் 84. 4 மீட்டரில் 78. 8 மீட்டரில் 72. 16 மீட்டரில் 66. என் வீட்டுச் சன்னலுக்கும் எதிர்வீட்டு முன்வாசலுக்கும் இடையே உள்ள தொலைவு இந்த 16 மீட்டர்தான்.

நடுவே சுற்றுச்சுவர் இருக்கிறதே என்று கேட்கலாம். குரைப்பொலியின் ஆற்றலில் பெரும்பகுதி சில நூறு ஹெர்ட்ஸிலிருந்து இரண்டாயிரம் ஹெர்ட்ஸ் வரையுள்ள அதிர்வெண்களில் அடங்குகிறது. 500 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் சுமார் 68 சென்டிமீட்டர். இவ்வளவு நீண்ட அலை ஐந்தடிச் சுவரின் விளிம்பைக் கண்டு தயங்குவதில்லை, வளைந்து இறங்கிவிடுகிறது. விளிம்பு விளைவு என்று பாடத்தில் படித்தீர்களே, அதுதான் இது. சன்னலைச் சாத்தினால் 25 டெசிபெல் வரை குறையலாம். ஆனால் சித்திரை மாதத்தில் சன்னலைச் சாத்திக்கொண்டு தூங்குவது எப்படி? திறந்த சன்னல் 10 முதல் 15 டெசிபெல் வரைதான் தடுக்கும்.

இரவில் ஏன் அதிகமாகக் கேட்கிறது?

பகலிலும் அதே நாய்தான் குரைக்கிறது. அப்போது யாரும் பொருட்படுத்துவதில்லை. காரணங்கள் மூன்று.

முதலாவது, பின்னணி ஒலி. பகலில் எங்கள் தெருவின் இரைச்சல் 55 முதல் 60 டெசிபெல் வரை இருக்கும். 66 டெசிபெல் குரைப்பு அதற்கு மேல் சற்றே தலைதூக்கி நிற்கும், அவ்வளவுதான். இரவு பதினொரு மணிக்குப் பின்னணி 40 டெசிபெல்லுக்கு இறங்கிவிடுகிறது. இப்போது வேறுபாடு 26 டெசிபெல்; அதாவது பின்னணியைவிடக் குரைப்பின் செறிவு ஏறத்தாழ 400 மடங்கு.

இரண்டாவது, காற்றின் வெப்பநிலை. பகலில் தரையை ஒட்டிய காற்று சூடாகவும் மேலே செல்லச் செல்லக் குளிர்ந்தும் இருக்கும். தெளிந்த இரவில் இது தலைகீழாகிவிடும். தரை விரைவில் குளிர்வதால் அதனை ஒட்டிய காற்று குளிர்ந்தும், மேலுள்ள காற்று சற்று வெதுவெதுப்பாகவும் இருக்கும். ஒலி வெப்பக் காற்றில் வேகமாகச் செல்லும். ஒரு பாகை செல்சியசுக்கு விநாடிக்கு 0.6 மீட்டர் வீதம் வேகம் கூடும். ஆகவே மேல்நோக்கிச் சென்ற ஒலியலை குளிர்ந்த பக்கமாக, அதாவது தரையை நோக்கி வளைகிறது. நாலு தெரு தள்ளி நாய் குரைப்பது நள்ளிரவில் நமக்குக் கேட்பது இதனால்தான்.

மூன்றாவது, நமது மூளை. மின்விசிறியின் சத்தம் இரவு முழுவதும் இருக்கிறது. அதனால் யாரும் விழிப்பதில்லை. மாறாமல் தொடரும் ஒலியை மூளை ஒதுக்கிவிடும். திடீரென்று எழுந்து, நின்று, எதிர்பாராத கணத்தில் மீண்டும் எழும் ஒலியை அதனால் ஒதுக்க முடிவதில்லை.

நமது நாட்டு விதி

இந்தியாவில் இரைச்சலைக் கட்டுப்படுத்தும் முதன்மையான விதிகள், 1986 ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் 2000 ஆம் ஆண்டில் வெளியிடப்பட்ட ஒலி மாசு ஒழுங்குமுறை மற்றும் கட்டுப்பாட்டு விதிகள் ஆகும். இவை ஊரை நான்கு வகைப் பகுதிகளாகப் பிரிக்கின்றன. தொழிற்பகுதியில் பகலில் 75, இரவில் 70 டெசிபெல். வணிகப் பகுதியில் 65, 55. குடியிருப்புப் பகுதியில் 55, 45. மருத்துவமனை, பள்ளி, நீதிமன்றம் ஆகியவற்றைச் சுற்றியுள்ள அமைதிப் பகுதியில் 50, 40. இரவு என்பது பத்து மணி முதல் காலை ஆறு மணி வரை.

இந்த வரம்பை 10 டெசிபெல்லோ அதற்கு மேலோ ஒலி மீறினால், பாதிக்கப்பட்டவர் உரிய அதிகாரியிடம் புகார் கொடுக்கலாம். மாவட்ட ஆட்சியர், காவல் ஆணையர், காவல் துணைக் கண்காணிப்பாளர் பதவிக்குக் குறையாத அதிகாரி ஆகியோர் இதில் அடங்குவர். இரைச்சலற்ற சூழலில் வாழ்வது உயிர் வாழும் உரிமையின் ஒரு பகுதியே என்று உச்சநீதிமன்றம் 2005 ஆம் ஆண்டு ஜூலை மாதத் தீர்ப்பில் கூறியது. ஒலி எழுப்பும் உரிமையைக் காட்டி, கேட்க விரும்பாதவரின் காதில் அதைத் திணிக்க முடியாது என்பதும் அத்தீர்ப்பின் சாரம்.

இந்த விதிகளில் ஒலிபெருக்கி உண்டு, பட்டாசு உண்டு, வாகன ஒலிப்பான் உண்டு. நாய் என்ற பெயர் இல்லை. ஆனால் டெசிபெல் வரம்பு பொதுவானது. அப்படியானால் நாயின் குரைப்பை அளந்துவிட்டால் போதுமே என்று நினைத்தேன். எங்கள் கல்லூரி ஆய்வுக்கூடத்திலிருந்து ஒலிமட்டமானி ஒன்றை இரவல் வாங்கி வந்தேன். அங்கேதான் ஒரு வியப்பு காத்திருந்தது.

சராசரி செய்யும் மாயம்

ஒரு கணக்குப்பிள்ளை குடும்பத்துடன் ஆற்றைக் கடக்க வந்தாராம். கரையில் அரை அடி, நடுவில் ஏழடி, மறுகரையில் அரை அடி என்று அளந்து, சராசரி இரண்டு அடி எட்டு அங்குலம்தான் என்று கணக்கிட்டுக் குடும்பத்தை ஆற்றில் இறக்கினாராம். பிறகு நடந்ததை நீங்கள் அறிவீர்கள்.

ஒலி விதிகளிலும் அந்தக் கணக்குப்பிள்ளை ஒளிந்திருக்கிறார். அட்டவணையில் உள்ள 55, 45 என்ற எண்கள் ஒரு கணத்தில் எழும் உச்ச ஒலியைக் குறிப்பவை அல்ல. ஒரு காலப்பகுதியில் வந்து சேர்ந்த மொத்த ஒலி ஆற்றலை அந்தக் காலத்தின் மீது பரப்பிக் கிடைக்கும் சராசரி மட்டத்தைக் குறிப்பவை. இதனைச் சமான ஒலிமட்டம் எனலாம்.

இப்போது கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு குரைப்பு நீடிப்பது சுமார் 0.2 விநாடி. இரண்டு விநாடிக்கு ஒன்று வீதம் பத்து நிமிடம் குரைத்தால் 300 குரைப்புகள். அவற்றின் மொத்தக் காலம் 60 விநாடி. நமது சன்னலில் ஒவ்வொரு குரைப்பும் 66 டெசிபெல். பின்னணி 40 டெசிபெல்.

அந்தப் பத்து நிமிடத்துக்கு மட்டும் சராசரி எடுத்தால், குரைப்பின் காலம் மொத்தக் காலத்தில் பத்தில் ஒரு பங்கு. ஆகவே 66இல் 10ஐக் கழிக்க, 56 டெசிபெல். ஒரு மணி நேரத்துக்குச் சராசரி எடுத்தால் அறுபதில் ஒரு பங்கு. பின்னணியையும் சேர்த்தால் 49 டெசிபெல். இரவின் எட்டு மணி நேரத்துக்கும் சராசரி எடுத்தால் 480இல் ஒரு பங்கு. பின்னணியைச் சேர்த்தும் 43 டெசிபெல்தான் வருகிறது.

பார்த்தீர்களா? அதே நாய், அதே இரவு, அதே முந்நூறு குரைப்பு. பத்து நிமிடக் கணக்கில் 55ஐத் தாண்டிப் புகாருக்கு உரியதாகிறது. ஒரு மணிக் கணக்கில் வரம்பை மீறினாலும் புகார் எல்லையை எட்டவில்லை. இரவுக் கணக்கிலோ 45க்குள் அடங்கி, அமைதியான இரவு என்று சான்றிதழ் பெற்றுவிடுகிறது! இரவு முழுவதற்கும் சராசரி எடுத்து 55ஐத் தொட வேண்டுமானால், அந்த நாய் ஒரே இரவில் சுமார் 11,000 முறை குரைக்க வேண்டும். அதாவது பத்து மணிக்குத் தொடங்கி ஆறு மணி வரை, 2.6 விநாடிக்கு ஒரு முறை, தண்ணீர் குடிக்கக்கூட நிற்காமல் குரைக்க வேண்டும்.

கருவி பொய் சொல்லவில்லை. சராசரி என்பது, ஓயாமல் இரையும் ஆலைக்கும் போக்குவரத்துக்கும் பொருத்தமான அளவு. வெட்டி வெட்டி எழும் குரைப்புக்கு அது பொருந்தவில்லை. உறக்கத்தைக் கலைப்பது சராசரி அன்று, உச்சம். உலக சுகாதார நிறுவனம் 1999இல் வெளியிட்ட வழிகாட்டுதல் இதை உணர்ந்தே எழுதப்பட்டது. படுக்கை அறைக்குள் சராசரி 30 டெசிபெல்லுக்கு மிகாமல் இருப்பதோடு, தனித்தனி ஒலிகளின் உச்சம் 45 டெசிபெல்லைத் தாண்டாமலும் இருக்க வேண்டும் என்கிறது அது. என் தாயாரின் அறைக்குள் ஒவ்வொரு குரைப்பும் 54 டெசிபெல் அளவில் வந்து சேர்ந்தது.

கடிகாரத்தால் அளப்பவர்கள்

டெசிபெல்லை நம்பாமல் கடிகாரத்தை நம்பும் ஊர்களும் உண்டு. நியூயார்க் நகரின் இரைச்சல் விதித்தொகுப்பு 2005இல் திருத்தி எழுதப்பட்டு 2007இல் நடைமுறைக்கு வந்தது. அதன்படி, ஒருவரது வளர்ப்பு விலங்கின் ஒலி அண்டை வீட்டில் தெளிவாகக் கேட்கும்படி, காலை ஏழு மணி முதல் இரவு பத்து மணி வரையிலான நேரத்தில் பத்து நிமிடமோ, இரவு பத்து முதல் காலை ஏழு வரையிலான நேரத்தில் ஐந்து நிமிடமோ தொடர்ந்தால் அது குற்றம். லாஸ் ஏஞ்சலஸ் நகர விதியும் இவ்வாறே. தொடர்ந்து பத்து நிமிடம் குரைத்தாலும், விட்டு விட்டு மூன்று மணி நேரத்துக்குள் மொத்தம் முப்பது நிமிடம் குரைத்தாலும் அது அளவு மீறிய குரைப்பு எனக் கொள்ளப்படுகிறது.

இவற்றின் சிறப்பு என்ன? விலையுயர்ந்த கருவி தேவையில்லை. சுவர்க் கடிகாரமும் ஒரு குறிப்பேடும் உள்ள எவரும் அளக்கலாம். அதே சமயம், தபால்காரரைக் கண்டு இரண்டு முறை குரைத்த நாயின் மீது யாரும் வழக்குத் தொடுக்க முடியாது.

இங்கிலாந்தின் வழி மூன்றாவது வகை. அங்கே 1990 ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டம் குரைப்புக்கென்று எந்த எண்ணையும் நிர்ணயிக்கவில்லை. நேரம், கால அளவு, இடம், எத்தனை நாளாக நடக்கிறது என்பவற்றை எல்லாம் எடைபோட்டு, இது தொல்லைதானா என்று உள்ளாட்சி அலுவலரே தீர்மானிக்கிறார். தொல்லைதான் என்றால், அதனை நிறுத்தும்படி உரிமையாளருக்கு அறிவிப்பு அனுப்பப்படுகிறது.

நம்மிடம் உள்ள மற்ற வழிகள்

நமது நாட்டிலும் டெசிபெல் மட்டுமே வழி அன்று. பலருக்கும் இடையூறு விளைவிப்பது பொதுத் தொல்லை. இது முன்பு இந்திய தண்டனைச் சட்டத்தில் இருந்தது. 2024 ஆம் ஆண்டு ஜூலை முதல் தேதியிலிருந்து பாரதிய நியாய சன்ஹிதாவின் 270 ஆம் பிரிவில் இடம்பெறுகிறது. தொல்லையை அகற்றும்படி நிர்வாக நடுவர் ஆணையிடும் அதிகாரம் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 152 ஆம் பிரிவில் உள்ளது. ஒரு வீட்டாருக்கு மட்டும் தொல்லை என்றால் உரிமையியல் நீதிமன்றத்தில் தடையாணை கேட்கலாம். இங்கெல்லாம் நீதிமன்றம் ஒரே ஓர் எண்ணைப் பார்த்து முடிவு செய்வதில்லை. இயல்பான மனிதர் ஒருவர் இதைப் பொறுத்துக்கொள்ள முடியுமா என்றே பார்க்கும்.

சட்டம் நாயின் பக்கமும் நிற்கிறது என்பதை மறக்கலாகாது. 1960 ஆம் ஆண்டின் விலங்குகளுக்குக் கொடுமை இழைப்பதைத் தடுக்கும் சட்டத்தின் 11 ஆம் பிரிவைப் படித்தபோது நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். வழக்கமாகச் சங்கிலியில் கட்டியோ அடைத்தோ வைக்கப்படும் நாய்க்குப் போதிய நடமாட்டம் தராமல் விடுவது, அந்தப் பிரிவின்படி உரிமையாளர் செய்யும் கொடுமை. அளவுக்கு மீறிக் குட்டையான சங்கிலியில் நெடுநேரம் கட்டி வைப்பதும் கொடுமையே. தூக்கம் கெட்ட அண்டைவீட்டாரைக் காக்கும் விதிகள் 2000இல் வந்தன. கட்டிப்போட்ட நாயைக் காக்கும் சட்டம் அதற்கு நாற்பது ஆண்டு முன்பே வந்துவிட்டது. இரண்டும் ஒரே சிக்கலின் இரு முனைகள் என்பது பிறகுதான் எனக்கு விளங்கியது.

கோபத்தில் நாய்க்கு நஞ்சு வைப்போரும் உண்டு. இது பாரதிய நியாய சன்ஹிதாவின் 325 ஆம் பிரிவின்படி ஐந்தாண்டு வரை சிறைத்தண்டனைக்கு உரிய குற்றம். பழிக்குப் பழியாக நாமும் சத்தம் எழுப்புவதும் உதவாது. 1893இல் இங்கிலாந்தில் ஒருவர், பக்கத்து வீட்டாரின் இசைப் பயிற்சியைப் பொறுக்க மாட்டாமல் சுவரைத் தட்டினார், தாம்பாளத்தை அடித்தார், சீழ்க்கை ஒலித்தார். வழக்கு நீதிமன்றத்துக்குப் போனபோது தடையாணை பிறந்தது இசைக்கு எதிராக அன்று, தாம்பாளத்துக்கு எதிராக!

தெரு நாய்களின் நிலை வேறு. அவற்றுக்கு உரிமையாளர் இல்லை. 2023 ஆம் ஆண்டின் விலங்குகள் இனப்பெருக்கக் கட்டுப்பாட்டு விதிகளின்படி, உள்ளாட்சி அமைப்பு அவற்றைப் பிடித்துக் கருத்தடை செய்து, வெறிநாய்க்கடித் தடுப்பூசி போட வேண்டும். கருத்தடை செய்தால் இனப்பெருக்கக் காலச் சண்டைகளும் அவற்றோடு சேர்ந்த நள்ளிரவுக் கூச்சலும் குறையும். ஆகவே தெரு நாய்கள் பற்றிய புகாரைக் கருத்தடைக்கான வேண்டுகோளாக எழுதுவதே பயன் தரும்.

நாய் என்ன சொல்கிறது?

சட்டத்தை ஓரளவு படித்த பிறகு, குரைப்பைப் பற்றியே கொஞ்சம் படித்தேன். நாயின் மூதாதையான ஓநாய் வளர்ந்த பிறகு அரிதாகவே குரைக்கும். மனிதனோடு வாழத் தொடங்கிய நாயிடமே குரைப்பு இவ்வளவு பெருகியிருக்கிறது. நாயின் காது சுமார் 45,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும்; நமது காதோ 20,000 ஹெர்ட்ஸோடு நின்றுவிடும். காரணமே இல்லாமல் குரைக்கிறது என்று நாம் சொல்லும்போது, காரணம் நமக்குக் கேட்கவில்லை என்பதுதான் பல வேளைகளில் உண்மை.

ஹங்கேரி நாட்டின் புடாபெஸ்ட் நகரிலுள்ள பல்கலைக்கழகத்தில் ஆய்வாளர்கள் ஒரு சோதனை செய்து 2005இல் வெளியிட்டார்கள். அந்நியரைக் கண்டபோது, தனியே கட்டிவைக்கப்பட்டபோது, விளையாடும்போது எனப் பல சூழல்களில் நாய்களின் குரைப்பைப் பதிவு செய்து மனிதர்களுக்குப் போட்டுக் காட்டினார்கள். எந்தக் குரைப்பு எந்தச் சூழலுக்கு உரியது என்பதைக் குருட்டாம்போக்கில் சொல்வதைவிட நன்றாகவே அவர்கள் இனங்கண்டார்கள். தாழ்ந்த சுருதியில் அடுத்தடுத்து விரைவாக எழும் குரைப்பு சினத்தைக் குறிப்பதாகவும், உயர்ந்த சுருதியில் இடைவெளி விட்டு எழும் குரைப்பு அச்சத்தையோ ஏக்கத்தையோ குறிப்பதாகவும் கேட்டவர்கள் உணர்ந்தார்கள்.

இதைப் படித்த இரவு, ஒலிமட்டமானியை மேசை மேல் வைத்துவிட்டு வெறும் காதால் கேட்டேன். எதிர்வீட்டு நாயின் குரல் உயர்ந்த சுருதியில் இருந்தது. ஒவ்வொரு குரைப்புக்கும் நடுவே இடைவெளி இருந்தது.

ஒன்பது இரவுகளின் குறிப்பேடு

நியூயார்க் முறையைப் பின்பற்றினேன். தேதி, தொடங்கிய நேரம், முடிந்த நேரம், மொத்த நிமிடங்கள், அப்போது தெருவில் என்ன நடந்தது என்று ஐந்து பத்திகள் போட்டு ஒன்பது இரவுகள் எழுதினேன். நான்காம் நாளே ஒன்று புலப்பட்டது. சில இரவுகளில் குரைப்பு அரை மணிக்கு மேல் நீடித்தது. மற்ற இரவுகளில் அறவே இல்லை. ஒன்பது இரவுகளும் முடிந்ததும் காரணம் தெளிவாயிற்று. எதிர்வீட்டாருக்கு ஆலையில் முறை வேலை. இரவு முறைக்கு அவர் வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிய பத்தாம் நிமிடம் குரைப்பு தொடங்கியது. அவர் வீட்டில் இருந்த இரவுகளில் நாய் வாயே திறக்கவில்லை.

குறிப்பேட்டை எடுத்துக்கொண்டு மீண்டும் அவர் வாயிலுக்குப் போனேன். இந்த முறை சட்டத்தைப் பற்றிப் பேசவில்லை. அவர் ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார். தன் கையிலிருந்த வேலை முறை அட்டையை அதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். "நான் இருக்கும்போது ஒரு நாளும் இப்படிக் குரைத்ததில்லையே சார்" என்றார். அவர் சொன்னது முழு உண்மை. அந்தத் தெருவில் அந்தக் குரைப்பை ஒரு முறைகூடக் கேட்காத ஒரே மனிதர் அவர்தான். அன்று அவர் என்னைக் கேலி செய்ததாக நான் எண்ணியது தவறு. அவருக்கு உண்மையிலேயே தெரியாது.

மனைவி பிரசவத்துக்காகத் தாய்வீடு போயிருந்ததால், மூன்று மாதமாக அந்த நாய் இரவில் தனியாகவே முன்வாசலில் கட்டப்பட்டிருந்தது. இப்போது அவர் வேலைக்குக் கிளம்புமுன் அதை அரை மணி நேரம் நடத்திக் கூட்டிச் செல்கிறார். முன்வாசலில் கட்டாமல் பின்கட்டு அறைக்குள் அவிழ்த்து விடுகிறார். குரைப்பு அறவே நின்றுவிட்டது என்று சொல்ல மாட்டேன். அரை மணியாக இருந்தது, ஐந்து நிமிடத்துக்குள் வந்துவிட்டது. அதுவும் நடுவே ஒரு வீடு இருப்பதால் மங்கலாகவே கேட்கிறது. என் தாயார் உறங்குகிறார்.

வாசகர்களும் செய்து பார்க்கலாம்

உங்கள் தெருவிலும் இத்தகைய சிக்கல் இருந்தால், முதலில் ஒரு குறிப்பேடு தொடங்குங்கள். குறைந்தது ஒரு வாரம் எழுதுங்கள். கைப்பேசியில் உள்ள ஒலி அளக்கும் செயலிகள் தோராயமான மதிப்பையே காட்டும். அளவு திருத்தம் செய்யப்பட்ட கருவிக்கு அவை ஈடாகா. ஆனால் கடிகாரம் பொய் சொல்லாது. எழுதி முடித்ததும் அதை நாயின் உரிமையாளரிடம் முதலில் காட்டுங்கள், அதிகாரியிடம் அன்று. பயனில்லை என்றால் குடியிருப்போர் சங்கத்திடம் செல்லுங்கள். அதன் பிறகு காவல் நிலையத்துக்கோ உள்ளாட்சி அலுவலகத்துக்கோ எழுதுங்கள். இரவு நீளத்துக்கும் சராசரி எடுக்காமல், குரைக்கும் நேரத்திலேயே அளக்கும்படி மனுவில் கேளுங்கள். நீதிமன்றம் வரை போக நேர்ந்தாலும், தேதியும் நேரமும் குறித்த அந்தக் குறிப்பேடே உங்களுக்குத் துணை நிற்கும்.

நீங்கள் நாய் வளர்ப்பவராக இருந்தால் இன்னும் எளிய சோதனை ஒன்று உண்டு. அடுத்த முறை வெளியே கிளம்பும்போது தெருமுனை வரை சென்று, பத்து நிமிடம் அங்கேயே நின்று கேளுங்கள். உங்கள் நாய் உங்களிடம் ஒரு நாளும் சொல்லாததை அன்று கேட்பீர்கள்.